உட்கார்ந்து பார்ப்பவர்

பழையது

ஹாலில் இருக்கும் 32 இன்ச் டிவியில் சத்தம் வருகிறது, படம் வருவதில்லை. மெக்கானிக் வந்தார். ஜன்னலைச் சாத்தச் சொல்லி, விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்த்துப் பிடித்தார். கறுப்புக்குள் மங்கலாக ஒரு பெண்ணின் முகம் அசைந்தது. படம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பின்னாலிருந்து வர வேண்டிய வெளிச்சம் மட்டும் செத்துப்போயிருக்கிறது.

எல்சிடி திரைக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்பக்கம் எல்இடி பல்புகள் எரிகின்றன. முன்னால் இருக்கும் திரவப் படிகம் அந்த ஒளியை எங்கே விடுவது, எங்கே மறைப்பது என்று மட்டும் பார்த்துக்கொள்கிறது. 'எல்இடி டிவி' என்று நாம் வாங்குவதும் இதைத்தான். பல்புப் பட்டையை மாற்ற அதிகம் ஆகாது என்றார் மெக்கானிக். ஆனால் வலது ஓரத்தில் ஏற்கெனவே செங்குத்தாகக் கோடுகள் விழுந்திருந்தன. அது பேனல் கோளாறு. "பேனல் மாத்துறதுக்குப் புது டிவியே வாங்கிடலாம் சார்" என்று சொல்லிக்கொண்டே ஸ்குரூக்களை மறுபடி முடுக்கினார்.

படம் போன பிறகும் அம்மா அந்தக் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்து சீரியல் கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் யாருக்கும் சண்டை, யார் வீட்டை விட்டுப் போனார்கள் என்று கேட்டால் ஒன்று விடாமல் சொன்னார். படம் இல்லாதது அவருக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

முப்பதாயிரம்

வீட்டில் பேசி முடிவுசெய்த தொகை முப்பதாயிரம். இந்தப் பணத்துக்கு 43 இன்ச் 4கே டிவி பல கம்பெனிகளில் கிடைக்கிறது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. வரிக்கு முந்தைய விலை இருபதாயிரம் என்றால் முன்பு 25,600, இப்போது 23,600. இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். ஒரு நல்ல ஸ்டாண்டுக்கும் வயருக்கும் ஆகும்.

வட்டியில்லாத் தவணை என்று எல்லாக் கடையிலும் பலகை இருக்கிறது. 2013-இல் ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டியானது கட்டணம் என்ற பெயரில் ஒளிந்து வருகிறது என்று வங்கிகளை எச்சரித்தது. மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டால் அந்த வட்டி எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பணம் தாராளமாக இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. இருப்பதிலேயே உயர்ந்ததை வாங்கிவிடலாம். ஒவ்வொருவருக்கும் வேண்டியது அதற்குள் எப்படியும் இருக்கும். முப்பதாயிரத்தில் அப்படி முடியாது. ஒன்று கிடைத்தால் இன்னொன்று போகும். எதை விட்டுக்கொடுப்பது என்று கேட்டுக்கொண்டே போனால், யார் விட்டுக்கொடுப்பது என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

முன்பு தேர்ந்தெடுத்தவர்கள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. வண்ணம் வந்தது 1982-இல். எண்பதுகளின் நடுப்பகுதி வரை ரேடியோவைப் போலவே டிவிக்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. அன்றைய பெட்டிகள் பல, இழுத்து மூடும் மரக்கதவு வைத்து, பூட்டுப்போட்டு வந்தன. டயனோரா, சாலிடேர் போன்றவை சென்னைக்காரர்களின் பெட்டிகள். தெருவில் ஒரு வீட்டில் டிவி இருந்தால் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் தெருவே அந்த வீட்டில் இருக்கும். கடலோர ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்தார்கள். கிராமங்களில் பஞ்சாயத்து டிவி அறை இருந்தது.

2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி தரத் தொடங்கியது. 14 இன்ச். 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது.

டிவி இருந்த வீட்டுக்காரர், பஞ்சாயத்து, அரசு என்று யாரோ ஒருவர் வாங்கிவைக்க, மற்றவர்கள் பார்த்தார்கள். எந்த டிவி என்ற கேள்வி பார்ப்பவரிடம் வரவில்லை. இப்போது எல்லாரும் தாங்களே தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டுக்குள் பார்த்தால் பணம் கொடுப்பவர் தேர்ந்தெடுக்கிறார். அதிக நேரம் பார்ப்பவர் பெரும்பாலும் வேறொருவர்.

எங்கள் ஹால்

பதினாலுக்குப் பத்து. சோபாவில் உட்கார்ந்தால் டிவி சுவர் எட்டடி தூரம். அந்த இடம் எனக்கும் மகனுக்கும். மனைவி அடுப்பை ஒரு பார்வை, செய்தியை ஒரு பார்வை என்று சமையலறை வாசலில் நின்றபடி பார்ப்பார். அம்மாவின் இடம் அதே வாசலுக்குப் பக்கத்தில், தரையில், சுவரில் சாய்ந்தபடி. அங்கிருந்தால் குக்கர் விசில் கேட்கும். மடியில் முறம் இருக்கும். முருங்கைக்கீரை ஆய்வார், அல்லது அவரைக்காயில் நார் எடுப்பார். டிவியிலிருந்து ஐந்தடிதான். ஆனால் நேர் எதிரே கிடையாது. நன்றாகப் பக்கவாட்டில், கீழேயிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம்.

மகன் கிரிக்கெட்டைப் பாதி நாள் செல்போனிலேயே பார்த்துவிடுகிறான். நான் எல்லாரும் படுத்த பிறகு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போடுகிறவன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், விளக்கு வைத்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரையும் டிவி அம்மாவுடையது. கூட்டினால் எங்கள் மூவரின் நேரமும் அவர் நேரத்துக்குப் பக்கத்தில் வராது.

அளவு

மகனுக்கு 55 வேண்டும். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திரை நம் பார்வையில் 30 பாகை அகலத்தை அடைக்க வேண்டும் என்பது சினிமா, ஒளிபரப்புத் துறையில் பழகிய ஒரு கணக்கு. தூரத்தை 1.6-ஆல் வகுத்தால் டிவியின் மூலைவிட்டம் கிடைக்கும். எட்டடிக்கு அது 60 இன்ச். சோபாவிலிருந்து பார்த்தால் 55 கூடச் சிறியதுதான்.

அதே கணக்கை ஐந்தடிக்குப் போட்டால் 38 இன்ச் வருகிறது. அம்மாவின் இடத்துக்கு 43 தாராளம். இன்ச் என்பது மூலைக்கு மூலை அளப்பது என்பதால் எண் ஏமாற்றும். 32-இலிருந்து 43-க்குப் போனால் திரையின் பரப்பு 1.8 மடங்கு ஆகிவிடும். 43 இன்ச் டிவியின் அகலம் 95 சென்டிமீட்டர். உயரம் 54-க்குச் சற்றுக் குறைவு. பழைய செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டி ஒட்டிச் சுவரில் மாட்டிவைத்தேன். ஒரு வாரம் போனால் பெரிதா சிறிதா என்று அதுவே சொல்லிவிடும்.

பெட்ரூமுக்கு என்றால் 32 போதும். ஹாலுக்கு 43. முப்பதாயிரத்துக்குள் 50-உம் 55-உம் கூடக் கண்ணில் படுகின்றன. அந்த விலைக்கு அந்த அளவு வந்தால், வெளிச்சத்திலோ ஒலியிலோ உள்ளே இருக்கும் சிப்பிலோ எங்கோ குறைத்திருப்பார்கள்.

இருபதில் ஒன்று

4கே திரையில் 3840-க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். கேபிளில் வரும் சாதாரண எஸ்டி சேனலின் படம் அதிகபட்சம் 720-க்கு 576. அதாவது 4,14,720. வகுத்தால் சரியாக இருபது வருகிறது. அம்மாவின் சீரியல் எஸ்டியில் வரும்போது, திரையில் தெரியும் இருபது புள்ளிகளில் ஒன்றுதான் அனுப்பப்பட்டது. மீதிப் பத்தொன்பதையும் டிவி பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது.

நாள் முழுவதும் வீட்டில் ஓடப்போவது பெரும்பாலும் இந்த ஊகம்தான். எனவே கடையில் போட்டுக்காட்டும் கிளி, எரிமலை, பனிமலைக் காட்சிகளால் எனக்குப் பயனில்லை. அவை 4கே-யிலேயே எடுத்தவை. எந்த டிவியிலும் அழகாக இருக்கும். செட்டாப் பாக்ஸ் இணைத்து ஏதாவது ஒரு எஸ்டி சேனலைப் போடச் சொல்ல வேண்டும். முகத்தின் ஓரத்தில் கொசுக்கூட்டம் போலப் புள்ளிகள் நெளிகின்றனவா, கீழே ஓடும் எழுத்து கலங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. எட்டடி தூரத்திலிருந்து 43 இன்ச்சில் ஃபுல் எச்டிக்கும் 4கே-வுக்கும் உள்ள வேறுபாடு சாதாரணக் கண்ணுக்கு எட்டாது. அது முழுதாகத் தெரிய மூன்றடிக்கு வர வேண்டும். 4கே என்ற ஒட்டுத்தாளுக்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

கறுப்பு

பின்னால் எப்போதும் விளக்கு எரியும் திரையில் முழுக் கறுப்பு கிடையாது. மறைத்தது போக எப்படியும் கொஞ்சம் கசியும். பகலில் தெரியாது. இரவில் விளக்கணைத்துப் பார்க்கும்போது, கறுப்பு வெள்ளைப் படத்தின் இருட்டு சாம்பலாக நிற்கும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். அங்கே கறுப்பு கறுப்புதான். அது என் முப்பதாயிரத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. கியூஎல்இடி என்று பெயர் ஒலித்தாலும் அதுவும் பின்விளக்கு வைத்த எல்சிடிதான். நிறம் மட்டும் கூடுதல் செறிவோடு வரும்.

என் விலைக்குள் இரண்டு வகைப் பேனல்கள். விஏ வகையில் கறுப்பு ஆழமாக வரும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் போகும். ஆனால் நேராக உட்கார வேண்டும். பக்கவாட்டில் நகர நகர நிறம் வெளிறும். ஐபிஎஸ் வகையில் கறுப்பு வெளிறல். விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில். ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தாலும், கீழேயிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது.

இரவில் நேர் எதிரே தனியாக உட்காரும் எனக்கு விஏ. பகல் வெளிச்சத்தில், தரையில், ஓரமாக உட்காரும் அம்மாவுக்கு ஐபிஎஸ். ஒரே டிவியில் இரண்டும் வராது.

பல நாள் இந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கடைசியில், என்னென்ன வேண்டும் என்று குறித்துவைக்கும் தாளில் ஐபிஎஸ் என்று எழுதிவிட்டேன். இருட்டில் டிவிக்குப் பின்னால் ஒரு சிறிய விளக்கை ஏற்றிவைத்தால், சுவரின் வெளிச்சத்தில் திரையின் கறுப்பு முன்பைவிட ஆழமாகத் தெரியும் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். கண் எப்போதும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. எனக்கு இருக்கும் குறைக்குச் சில நூறு ரூபாயில் மருந்து உண்டு. ஓரத்தில் வெளிறும் நிறத்துக்கு அப்படி எந்த மருந்தும் இல்லை.

எந்தப் பேனல் என்பதைப் பெட்டியின் மேல் அநேகமாக எழுதுவதில்லை. ஒரே மாடலுக்குள்ளேயே வேறு வேறு பேனல்கள் வருவதும் உண்டு. நேராக நின்று ஒரு மனித முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே சுவர் ஓரம்வரை நடந்து, அங்கே குனிந்து அதே முகத்தைப் பார்த்தால் போதும்.

உயரம்

நம் வீடுகளில் டிவியை உயரத்தில் மாட்டும் பழக்கம் இருக்கிறது. குழந்தை கை வைக்காது, அலமாரிக்கு மேலே இடம் இருக்கிறது, சாமி படத்தின் வரிசையில் நிற்கிறது என்று காரணங்கள். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. தரையில் உட்கார்ந்தவருக்கு இரண்டரை. ஐந்தரை அடியில் டிவியை மாட்டினால் அம்மா மூன்றடி அண்ணாந்து பார்க்க வேண்டும். கழுத்து வலியைத் தைலம் தேய்த்துச் சரிசெய்வார். டிவியைக் காரணம் சொல்லமாட்டார்.

சுவரில் மாட்டாமல் ஒரு தாழ்ந்த மேசையில் வைப்பது என்று தீர்மானம். மாட்டுவதற்கு ஆகும் செலவும் மிச்சம். கிழக்கு ஜன்னலின் எதிரொளி காலையில் மட்டும்தான். அப்போது யாரும் பார்ப்பதில்லை.

சத்தம்

டிவி மெலிய மெலிய ஒலிபெருக்கிக்கு இடம் இல்லாமல் போயிற்று. பழைய மரப்பெட்டியில் அது முன்பக்கம், நம் முகத்தைப் பார்த்து இருந்தது. இப்போது பெரும்பாலும் அடியில் இருக்கிறது. சத்தம் தரையைப் பார்த்துப் போய், திரும்பி வருகிறது.

வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. ச, ஸ, த போன்ற மெய்களின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. உயிரோசை கேட்கும்; சொல் எது என்று பிடிபடாது. "சத்தம் வருது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று அம்மா சொல்வதன் பொருள் இதுதான். ஒலியைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடும். தெரு முனை வரை கேட்கும். சொல் அப்போதும் பிடிபடாது. அவருக்கு வேண்டியது பேச்சைத் தனியாகத் தூக்கிக் கொடுக்கும் ஒலி.

கறுப்புத் திரையின் முன்னால் அவர் கதையைத் தொடர்ந்ததை வைத்துப் பார்த்தால், கீரை ஆய்கிறவருக்குத் திரையைவிட ஒலிதான் பிரதானம். எனவே டிவிக்கு இருபத்து நான்காயிரம். மீதியில் ஒரு சின்ன சவுண்ட்பார். அதை எச்டிஎம்ஐ-யின் ஏஆர்சி துளையில் செருகினால் டிவி ரிமோட்டிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது கூடுதல் வசதி. செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு ரிமோட். மூன்றாவதை அவர் தொடமாட்டார்.

உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்

ஸ்மார்ட் டிவி என்பது ஒரு திரையும் ஒரு சிறிய கம்ப்யூட்டரும். திரை பத்து ஆண்டு உழைக்கலாம். கம்ப்யூட்டர் நான்கைந்து ஆண்டில் திணறும். ஆப்கள் பெருத்துக்கொண்டே போகும், ஒரு ஜிபி ராம் போதாது. இரண்டு ஜிபி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குடி முழுகிப் போகாது, பிறகு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். பேனலைப் பிறகு செருக முடியாது. மாற்ற முடியாததற்கு முதலில் பணம், மாற்றக்கூடியதற்கு மீதி.

கரண்ட் பற்றி நீண்ட யோசனை தேவைப்படவில்லை. 80 வாட் எடுக்கும் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் கால்வாசி. பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் ஆண்டு மின்செலவும் எழுதியிருக்கும்.

கடை வெளிச்சம்

ஷோரூமில் எல்லா டிவியும் உச்ச வெளிச்சத்தில், நீலம் தூக்கிய நிறத்தில் எரிகின்றன. பக்கத்து டிவியைவிடப் பளிச்சென்று தெரிவதற்கான ஏற்பாடு அது. வீட்டில் புதிதாகப் போடும்போது 'வீடா, கடையா' என்று டிவியே கேட்கும். வீடு என்று சொல்ல வேண்டும்.

சினிமா நொடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்படுவது. பல டிவிகள் நடுவில் தாமாகவே சட்டங்களை உருவாக்கிச் செருகி அசைவை வழவழப்பாக்குகின்றன. பழைய படமெல்லாம் நேற்று எடுத்த சீரியல் போல ஆகிவிடும். இதை எதிர்த்து இயக்குநர்கள் சிலர் குரல் கொடுத்ததன் தொடர்ச்சியாக, 2019-இல் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அது இல்லாத டிவியிலும் அசைவு சம்பந்தமான வசதியை அணைத்துவைக்கலாம். மகனின் கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் அவனே போட்டுக்கொள்வான்.

எச்டிஆர் என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. அதற்கான படங்கள் பெரும்பாலும் ஆயிரம் நிட் வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாராகின்றன. என் விலையில் கிடைப்பவை முந்நூறைச் சுற்றி நிற்கும். அந்த மூன்றெழுத்தைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

வரிசை

தாளில் இப்போது இருக்கும் வரிசை இது. 43 இன்ச். ஓரத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத பேனல். எஸ்டி படத்தைக் கௌரவமாகக் காட்டும் சிப். பேச்சு புரியும் ஒலி. பெரிய பித்தான்கள் உள்ள ரிமோட். பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கும் கம்பெனி. முடிந்தால் பேனலுக்கு இன்னும் ஒரு வருடம் வாரண்டி. இவற்றுக்குப் பிறகுதான் மற்றவை.

மகன் படித்துவிட்டு, "இது பாட்டிக்கு வாங்குற டிவிப்பா" என்றான். ஆமாம் என்றேன். அம்மாவிடம் கேட்டால், "எனக்கென்னடா, எது வாங்கினாலும் சரி, உங்களுக்குப் பிடிச்சதா வாங்குங்க" என்கிறார். எது வாங்கினாலும் சரி என்று சொல்பவருக்குத்தான் பெரும்பாலும் எதுவும் சரியாக அமைவதில்லை.

எனவே கடைக்கு அவரையும் அழைத்துப் போவது. ஷோரூமில் எல்லாரும் நின்றுகொண்டு, நேர் எதிரே, கண் உயரத்தில் பார்க்கிறார்கள். வீட்டில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கடைப் பையனிடம் ஒரு தாழ்ந்த முக்காலி கேட்டு வாங்கி, டிவி வரிசையின் ஓரத்தில் போட்டு, அம்மாவை உட்காரவைத்து, எந்த டிவியில் பேசுவது புரிகிறது, எந்த முகம் முகமாகத் தெரிகிறது என்று கேட்க வேண்டும். அவர் கை காட்டுவதில் முப்பதாயிரத்துக்குள் இருப்பது எதுவோ, அது.